பழைய மோட்டாரில் வீட்டிலேயே ஒரு வாஷிங் மெஷின்: முதல்முறை செய்பவர்களுக்கு

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓடும் வாஷிங் மெஷினுக்கு மூன்று வயது ஆகிறது. அதில் இருக்கும் மோட்டார் அதைவிடப் பத்து வருடம் மூத்தது. முன்பு இருந்த செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, பிழியும் பக்கத்து மோட்டார் புகைந்துவிட்டது, துவைக்கும் தொட்டியில் கீறல் விழுந்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எடைக்குப் போடுவதற்கு முன் துவைக்கும் பக்கத்து மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அம்மாவுக்கு மணிக்கட்டில் வலி இருந்ததால் பெட்ஷீட்டையும் வேட்டியையும் கல்லில் அடிக்க முடியவில்லை. அந்த மோட்டாரையும் ஒரு நீல டிரம்மையும் வைத்துச் செய்த மெஷின்தான் இன்றும் வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறது.

அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, டிரில் மெஷின் ஓட்டத் தெரிந்தால் போதும். வெல்டிங்கைப் பட்டறையில் கொடுத்துவிடலாம். கரண்ட் வேலை பழக்கமில்லை என்றால் அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுவிடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, ஓடும் நிலையில் ஒரு பழைய மெஷின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உடம்பு கெட்டு உயிர் இருக்கும் மெஷின் வீட்டில் கிடந்தால்தான் இந்த வேலையில் அர்த்தம் இருக்கிறது.

எந்த மோட்டார்

மோட்டார் தேடும்போது எல்லோருக்கும் முதலில் வாயில் வரும் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். கிருஷ்ணகிரியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "பவரை விடு தம்பி. ரெண்டு பக்கமும் சுத்துமான்னு மொதல்ல பாரு" என்றார். மூன்று வருடம் ஓட்டிய பிறகு அந்த ஒரு வரிக்குள் பாதி வேலை இருந்தது என்று எனக்குத் தெரிகிறது.

துணி ஒரே பக்கமாகச் சுற்றினால் கயிறு திரித்ததுபோல முறுக்கிக்கொண்டு ஒரே உருண்டையாகிவிடும். நடுவில் மாட்டிய துணிக்குள் சோப்புத் தண்ணீர் போகவே போகாது. வலப்பக்கம் ஓடிய தண்ணீர் நின்று இடப்பக்கம் திரும்பும் அந்த நேரத்தில்தான் துணி விரிகிறது, தண்ணீர் இழைக்குள் புகுந்து வெளியே வருகிறது, அழுக்கு கழல்கிறது. ஆற்றங்கரையில் துணியைக் கல்லில் தேய்க்கும்போது கை முன்னும் பின்னும் போவதை நினைத்துப் பாருங்கள். அதே வேலைதான்.

அதனால் செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் துவைக்கும் பக்கத்து மோட்டார்தான் முதல் தேர்வு. அது இரண்டு பக்கமும் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டது. உள்ளே ஒரே மாதிரி இரண்டு காயில் இருக்கும், வெளியே மூன்று வயர் வரும். பிழியும் பக்கத்து மோட்டார் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒரே பக்கம் வேகமாகச் சுற்றுவதற்கு மட்டும் செய்தது, அது இந்த வேலைக்கு வராது. மாவு அரைக்கும் கிரைண்டர் மோட்டாரில் இழுவை உண்டு. ஆனால் அதில் ரன்னிங் காயில் வேறு, ஸ்டார்ட்டிங் காயில் வேறு. திருப்பி ஓட்ட ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையையும் மாற்றிப் போட வேண்டும், புதியவர்களுக்கு அது தலைவலி. மிக்சி மோட்டாரைத் தொடவே வேண்டாம். கார்பன் பிரஷ் வைத்து நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று ஓடும் மோட்டார் அது, கால் மணி நேரம் பாரம் இழுத்தால் சூடேறிக் கருகிவிடும்.

பழைய மெஷினைப் பிரிக்கும்போது மோட்டாரோடு நிறுத்திவிடாதீர்கள். மோட்டார் புல்லி, பெல்ட், அடியில் இருக்கும் பெரிய புல்லி, ஷாப்ட்டும் பித்தளை புஷ்ஷும் தண்ணீர் கசியாமல் பிடிக்கும் ரப்பர் சீலும் சேர்ந்த அந்த முழு அசெம்பிளி, துணியைச் சுற்றும் தட்டான பல்சேட்டர், கண்டென்சர், டைமர் என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மெஷினில் இருந்து வந்த புல்லிகள் என்றால் வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வேறு புல்லி வாங்க நேர்ந்தால் கணக்கு எளிது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இந்த மோட்டார்கள் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று ஓடும். 1400-ஐ மோட்டார் புல்லியின் அளவால் பெருக்கி, பெரிய புல்லியின் அளவால் வகுங்கள். 50 மில்லிமீட்டர் புல்லியும் 250 மில்லிமீட்டர் புல்லியும் போட்டால் 280 சுற்று வரும். சிறிய டிரம்முக்கு அது போதும். இரண்டும் ஒரே அளவில் போட்டால் 1400 சுற்றில் தண்ணீர் கூரையில் இருக்கும், துணி கந்தலாகிவிடும்.

கழற்றும்போது ஒவ்வொரு வயரையும் எடுப்பதற்கு முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயர் நிறத்தை நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், நடுவில் யாராவது பழுது பார்த்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மோட்டார் பிழைக்குமா என்று பார்ப்பது

முதலில் கண்டென்சர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் நிற்கும். இரண்டு முனையையும் கையால் தொடாதீர்கள். ஒரு சாதாரண குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு வயரையும் கண்டென்சரின் இரண்டு முனையிலும் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு, தீப்பொறி பறந்து கண்ணில் படும் வேலை அது.

அடுத்து மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, மூன்று வயரையும் இரண்டிரண்டாக அளந்து எழுதுங்கள். மூன்று எண் கிடைக்கும். இரண்டு எண் ஏறக்குறைய சமமாகவும், மூன்றாவது அவை இரண்டின் கூட்டுத்தொகையாகவும் இருந்தால் மோட்டார் சரி. உதாரணத்துக்கு 20, 20, 40. அதிக எண் காட்டிய ஜோடியை ஒதுக்கிவிட்டால் மிச்சம் நிற்கும் வயர்தான் பொது வயர். அதில் உடனே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வந்தால் காயில் போய்விட்டது என்று பொருள். ரீவைண்டிங் செலவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதாது. காயில் கட்டும் கடையில் மெக்கர் என்ற கசிவு பார்க்கும் மீட்டர் வைத்திருப்பார்கள், 500 வோல்ட்டில் சோதித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஈரத்தில் நின்று தொடப் போகும் சாமான் இது.

டிரம்

நம் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் டிரம்முக்குப் பஞ்சமே இல்லை. மாங்கூழ் ஆலைகளும் ஓசூர் தொழிற்சாலைகளும் இருப்பதால் பழைய டிரம் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. 60 லிட்டர் அளவு, வாய் முழுசாகத் திறக்கிற மாதிரி, அடிப்பக்கம் தட்டையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். பூச்சி மருந்து, ஆசிட், பெயின்ட் சம்பந்தப்பட்ட எதுவும் இருந்த டிரம் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். லேபிள் கிழித்துவிட்ட டிரம்மையும் விட்டுவிடுங்கள். குழந்தைகளின் உள்ளாடையும் இதில்தான் துவைக்கப் போகிறீர்கள்.

இந்த டிரம்மின் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் ஒட்டாது. எம்-சீல், சிலிக்கான், பெவிகால் வகை எதுவானாலும் காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து வந்துவிடும். ஓட்டை போடும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வாஷரை நட்டுப் போட்டு இறுக்கித்தான் தண்ணீரை நிறுத்த முடியும். லாரி டியூப் ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்க்சர் கடையில் பழைய டியூப் கிடைக்கும். அதிலிருந்து வாஷர் வெட்டினால் கடையில் விற்பதைவிடத் தடிமனாகவும் மெத்தென்றும் இருக்கும்.

அடியில் நடுவே ஷாப்ட் அசெம்பிளிக்கு ஓட்டை. ஹோல் சா இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லை என்றால் வட்டம் வரைந்து, கோட்டின் உள்ளே சின்னச் சின்ன ஓட்டையாக டிரில் செய்து தட்டி எடுத்து, அரத்தால் ராவிச் சரி செய்யுங்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தாதீர்கள். விளிம்பு உருகி மேடு தட்டிவிடும், அந்த மேட்டில் ரப்பர் உட்காராது.

தண்ணீர் வெளியேற ஒரு இன்ச் டேங்க் நிப்பிள். அதை அடிப்பக்கத்தில் போடாமல் சுவரில், அடியை ஒட்டிப் போடுங்கள். நிப்பிள் லேசாகக் கசிந்தாலும் அந்தத் தண்ணீர் மோட்டார் இருக்கும் பக்கம் வராதபடி எதிர்ப்பக்கமாக வையுங்கள்.

ஸ்டாண்ட்

ஒன்றேகால் இன்ச் ஆங்கிளில் நான்கு கால் ஸ்டாண்ட். டிரம் உட்காரும் இடம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். அப்போதுதான் கீழே மோட்டாருக்கு இடம் இருக்கும், துணி எடுக்கக் குனியவும் வேண்டாம். மேலே 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை வெல்டு செய்யச் சொல்லுங்கள். தகட்டின் நடுவிலும் ஷாப்ட்டுக்கான ஓட்டை.

பலர் தவறவிடும் இடம் இந்தத் தகடு. பெல்ட் ஷாப்ட்டை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஷாப்ட் அசெம்பிளியை வெறும் பிளாஸ்டிக் அடியில் மாட்டினால் அந்த இழுப்பில் அடிப்பாகம் வளையும், வளைந்தால் ரப்பர் விலகும், ரப்பர் விலகினால் தண்ணீர் நேராக புல்லி மேல் விழும். அதனால் அசெம்பிளியின் நட்டு டிரம்மையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து வரிசை இப்படி: அசெம்பிளியின் விளிம்பு, டியூப் வாஷர், டிரம்மின் அடி, இன்னொரு டியூப் வாஷர், இரும்புத் தகடு, கடைசியில் பெரிய நட்டு. இழுப்பைத் தகடு வாங்கிக்கொள்ளும், டிரம் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மோட்டார், டிரம்மின் விளிம்புக்கு வெளியே தள்ளி நிற்க வேண்டும். நேர் கீழே வைத்தால் என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் அதன் தலையில்தான் விழும். ஷாப்ட் கீழ்நோக்கி இருக்கும்படி மோட்டாரைத் தொங்கவிட்டு மாட்டுங்கள், கம்பெனி மெஷினிலும் அப்படித்தான் இருக்கும். புல்லிகள் கீழே, மோட்டார் மேலே என்று வந்துவிடும். பெரிய புல்லியில் சொட்டும் தண்ணீர் சிதறினாலும் மோட்டாரின் மட்டத்துக்குக் கீழேயே போய்விடும். அதற்கு மேல் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து ஒரு தொப்பி போட்டேன். பக்கவாட்டில் காற்று போக இடம் விட்டுத்தான். மோட்டார் மாட்டும் ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் ஒரு இன்ச் நீளத்துக்கு நீளவாக்கில் போடச் சொன்னால், பெல்ட் தளர்ந்தபோது மோட்டாரை நகர்த்தி இறுக்கிக்கொள்ளலாம்.

ஒரு ராத்திரி தண்ணீர்

மோட்டாரை மாட்டுவதற்கு முன்னால், ஒரு வயர் கூட இழுப்பதற்கு முன்னால், டிரம்மில் முக்கால்வாசித் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டிக் கொடுக்கும். எனக்கு முதல் நாள் காலையில் தாளின் நடுவே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. எழுத்தெல்லாம் உப்பி, ஓரத்தில் மஞ்சள் கோடு. நட்டை இன்னும் இறுக்கினேன், மறுநாளும் அதே வட்டம். கழற்றிப் பார்த்தால் டியூப் வாஷரின் நடுவில் பழைய பங்க்சர் ஒட்டு ஒன்று இருந்தது, அந்த மேட்டின் ஓரமாகத்தான் தண்ணீர் வந்திருக்கிறது. ஒட்டில்லாத இடத்தில் புது வாஷர் வெட்டிப் போட்டதும் தாள் காய்ந்தே இருந்தது.

காய்ந்த தாளைப் பார்த்த பிறகும் ஷாப்ட்டைக் கையால் ஐம்பது சுற்று சுற்றிவிட்டு இன்னொரு ராத்திரி விடுங்கள். நிற்கும்போது பிடிக்கும் சீல், சுற்றும்போது விடலாம். பழைய அசெம்பிளியின் சீல் ஓரம் கெட்டியாகியோ வெடித்தோ இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அசெம்பிளி முழுசாகவே கிடைக்கும், சீல் மட்டும் வேண்டுமென்றால் அதன் மேல் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என மூன்று எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

தட்டும் சுவரும்

பல்சேட்டரை மாட்டும்போது அதன் விளிம்புக்கும் டிரம்மின் அடிக்கும் நடுவே சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஷாப்ட்டில் வாஷர் போட்டு உயரத்தைச் சரி செய்யலாம். இடைவெளி அதிகமானால் கைக்குட்டை, சாக்ஸ், புடவைத் தலைப்பு எல்லாம் உள்ளே போய்ச் சிக்கும்.

இதெல்லாம் முடித்து முதல்முறை ஓட்டியபோது நான் ஏமாந்துபோனேன். மோட்டார் ஓடியது, தட்டு சுற்றியது, துணி வெளுக்கவில்லை. எட்டிப் பார்த்தால் தண்ணீரும் துணியும் சேர்ந்து சுழல்போல ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன, நடுவில் குழி விழுந்து ஓரத்தில் தண்ணீர் வெளியே வழிந்தது. கம்பெனி மெஷினின் தொட்டி முழு வட்டமாக இருப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூலையும் மேடும் தண்ணீரை மறித்துத் திருப்பி விடுவதற்காகவே அதில் இருக்கின்றன. வட்ட டிரம்மில் மறிக்க ஒன்றுமில்லை.

ஒன்றரை இன்ச் பி.வி.சி. பைப்பை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, உப்புத்தாளால் விளிம்பை மழுங்கத் தேய்த்து, டிரம்மின் உள்சுவரில் சம இடைவெளியில் மூன்று இடத்தில் நட்டமாக மாட்டினேன். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட், உள்ளேயும் வெளியேயும் டியூப் வாஷர். போல்ட்டின் தலை உருண்டையாக இருக்கட்டும், நட்டு வெளிப்பக்கம் வரட்டும். அன்று மாலை ஓட்டியபோது துணிகள் ஓரத்தில் மேலே ஏறி நடுவில் கீழே இறங்கின. அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கரண்ட்

பொது வயர் நியூட்ரலுக்கு. மற்ற இரண்டு வயருக்கும் நடுவே கண்டென்சர், அது எப்போதும் அங்கேயே இருக்கும். பேஸை அந்த இரண்டில் ஒரு வயரில் கொடுத்தால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், மற்றதில் கொடுத்தால் மறுபக்கம் சுற்றும். டைமரின் வேலை இவ்வளவுதான்: பேஸை அரை நிமிடம் போல ஒரு வயரில் கொடுத்து, சில நொடி நிறுத்தி, அடுத்த வயருக்கு மாற்றுவது. டைமரின் எந்தக் கால் எது என்று தெரியாவிட்டால், கரண்ட் எதுவும் கொடுக்காமல் அதை முறுக்கிவிட்டு மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். ஒரு கால் மற்ற இரண்டோடும் மாறி மாறிப் பேசும், அதுதான் பேஸ் நுழையும் இடம்.

டைமர் கிடைக்காதவர்கள் நடுவில் ஆஃப் இருக்கும் டூ-வே சுவிட்ச் ஒன்றைப் போட்டுக் கையால் மாற்றலாம். மாற்றும்போது நடுவில் நிறுத்தி, தட்டு முழுக்க நின்ற பிறகே மறுபக்கம் போடுங்கள். ஓட்டத்திலேயே திருப்பினால் பெல்ட்டும் காயிலும் சேர்ந்து அடி வாங்கும்.

கண்டென்சர் மோட்டாரின் பெயர்த்தகட்டில் போட்டிருக்கும் மைக்ரோ ஃபாரட் அளவிலேயே இருக்க வேண்டும், 440 வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும். பெரியதாகப் போட்டால் இழுவை கூடும் என்று சிலர் சொல்வார்கள். சூடுதான் கூடும்.

இனி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் பகுதி. ஒன்று, எர்த். மோட்டார் உடம்பு, ஸ்டாண்ட், இரும்புத் தகடு மூன்றையும் தனித்தனியாகப் பச்சை வயரால் எர்த்தோடு இணையுங்கள். மூன்று கோர் வயர், மூன்று முனை பிளக். இரண்டு முனை பிளக்கில் இந்த மெஷினை ஓட்டுவதாக இருந்தால் ஓட்டவே வேண்டாம். வீட்டில் எர்த் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம், குழி காய்ந்தோ கம்பி அறுந்தோ பல வருடம் ஆகியிருக்கும். வயர்மேனிடம் சொல்லிச் சோதித்துவிடுங்கள். இரண்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசியும் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகத் தொடங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். எம்.சி.பி. அதைச் செய்யாது, அது வயரைக் காப்பாற்றத்தான். மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். மூன்று, சுவிட்சும் டைமரும் மெஷினில் இருக்க வேண்டாம். தண்ணீர் தெறிக்காத உயரத்தில் சுவரில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வயரைப் பெட்டியின் கீழ்ப்பக்கமாக உள்ளே விட்டால் மழைத் தண்ணீர் வயர் வழியாக இறங்கி உள்ளே போகாது.

காட்டில் வீடு இருப்பவர்கள் கிணற்று மோட்டார் ரூமில் இருந்து வயர் இழுத்து ஓட்டிவிடலாமே என்று நினைப்பதுண்டு. அது விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பு, வீட்டு வேலைக்கு எடுக்கக் கூடாது. அங்கே எர்த்தும் நம்பும்படி இருக்காது. வீட்டு லைனிலேயே ஓட்டுங்கள், இந்த மோட்டார் அப்படி ஒன்றும் கரண்ட் குடிக்காது. 300 வாட் இழுக்கும் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

வோல்ட்டேஜ் இறங்கும் நேரத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் மோட்டாரின் இழுவை அறுபது சதவீதமாகக் குறைந்துவிடும். தட்டு திணறும், காயில் சூடேறும். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் மோட்டார் போடும் நேரத்தைத் தவிர்த்துவிட்டுக் காலையில் துவையுங்கள்.

பெல்ட்டும் புல்லியும் இருக்கும் பகுதியைச் சுற்றிக் கம்பி வலை கட்டாமல் ஒருநாள் கூட ஓட்டாதீர்கள். புடவை முந்தானை, துப்பட்டா, குழந்தையின் விரல், எதுவும் அங்கே போக வழி இருக்கக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் தண்ணீரும் துணியும் இல்லாமல் ஒரு நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீல் தேயும். இரண்டு பக்கமும் சுற்றுகிறதா, பெல்ட் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு வெறும் தண்ணீரில் பத்து நிமிடம். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், சூடு இருக்கும், ஆனால் கை வைக்க முடியாத அளவுக்கு இருக்கக் கூடாது. மூன்றாவதாகப் பழைய துண்டு நான்கைப் போட்டு ஓட்டுங்கள். நல்ல துணி அதற்குப் பிறகுதான்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் கண்டென்சர் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிறது என்றால் டைமரின் ஒரு கான்டாக்ட் கருகியிருக்கும் அல்லது ஒரு வயர் விட்டிருக்கும். பெல்ட் கிறீச்சிட்டால் ஈரமாகிவிட்டது அல்லது தளர்ந்துவிட்டது. நடுவில் விரலால் அழுத்தினால் அரை இன்ச் உள்ளே போக வேண்டும், அதுதான் சரியான இறுக்கம். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். எங்கேயோ தண்ணீர் கரண்டைத் தொட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, காயவைத்து, இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த வேலை.

நம் ஊர்த் தண்ணீரில் துவைப்பது

60 லிட்டர் டிரம்மில் 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடாதீர்கள், காய்ந்த துணி மூன்று கிலோ போதும். துணி தண்ணீரில் மிதந்து புரள இடம் வேண்டும். அழுத்தி நிரப்பினால் மோட்டாரும் பாழ், துணியும் வெளுக்காது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்று எல்லோரும் சொல்வோம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடால் துணிக்கு ஒன்றும் ஆகாது. துவைக்கும்போது படுத்துவது தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரியும், வெள்ளை வேட்டி பழுப்பேறும். ஒகேனக்கல் தண்ணீரைத் துணிக்கு விட மனம் வராது, வரவும் கூடாது. போர் தண்ணீரிலேயே ஒரு கைப்பிடி சலவைச் சோடாவை முதலில் கரைத்து, ஐந்து நிமிடம் விட்டு, அப்புறம் பவுடர் போடுங்கள். சோடா கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் பவுடர் அழுக்குக்கு மிஞ்சும், பாதி பவுடரிலேயே துணி வெளுக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது, அவற்றை இந்த மெஷினில் போடவும் வேண்டாம்.

தோட்டத்து வேலைத் துணி என்றால் முதலில் வெளியே நன்றாக உதறிவிட்டு, வெறும் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்துவிட்டுப் போடுங்கள். செம்மண்ணில் இருக்கும் மணல் ஷாப்ட்டை ஒட்டி இறங்கி சீலின் உதட்டை அரைத்துவிடும். பாக்கெட்டுகளைத் தடவிப் பாருங்கள். ஒருமுறை ஒரு சேஃப்டி பின் தட்டுக்கு அடியில் போய் டிரம்மின் அடியில் வட்டமாகக் கோடு போட்டுவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும். ஜாக்கெட் கொக்கிகளை மாட்டிவிட்டுப் போடுங்கள், சின்னத் துணிகளை வலைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

அரை மணி நேரம் ஊறவைத்து, பத்து நிமிடம் ஓட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று மூன்று நிமிடமாக இரண்டு முறை அலசினால் போதும். டிரம்முக்குள் கை விடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று அம்மா கேட்டார். போதாது. சுவிட்ச் நியூட்ரல் பக்கம் மாட்டியிருந்தால் அணைத்த பிறகும் மோட்டாரில் பேஸ் நிற்கும்.

பிழியும் பக்கத்தையும் சேர்த்துச் செய்யலாமா என்று பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். செய்யாதீர்கள். பிழியும் கூடை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். வீட்டில் மாட்டிய கூடையில் ஈரத் துணி ஒரு பக்கம் ஒதுங்கினால் ஸ்டாண்டோடு சேர்த்துத் தூக்கி எறியும். நாங்கள் துணியைப் பிளாஸ்டிக் கூடையில் பத்து நிமிடம் வடியவிட்டு, இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து முறுக்கிக் காயப்போடுகிறோம்.

மாதம் ஒருமுறை மெஷின் அடியில் அதே மாதிரி செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டு ஒரு தடவை துவைக்கிறேன். தாள் காய்ந்திருந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஈரம் தெரிந்தால் அன்றைக்கே சீல் மாற்றும் வேலை, ஷாப்ட்டைக் கழற்றும் சாக்கில் புஷ்ஷுக்குப் புது கிரீஸும் வைத்துவிடலாம். மூன்று வருடத்தில் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். சீலின் மூன்று எண்ணையும் பெல்ட்டின் எண்ணையும் கண்டென்சர் அளவையும் ஸ்டாண்டின் முன்காலில் வெள்ளை பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளிலும் வீட்டில் யாராவது அதைப் பார்த்துக் கடையில் கேட்டு வாங்கிவிடலாம்.